சாவி கைமாறும் நேரம்

வேளச்சேரியில் ஒரு வீடு. மாத வாடகை 22,000 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை காலை தரகர் ஒரு குடும்பத்தைக் கூட்டிவந்து காட்டுகிறார். தண்ணீர், வெளிச்சம், பைக் நிறுத்த இடம் எல்லாம் சரியாக இருக்கிறது. குடும்பத் தலைவர் அங்கேயே நின்று ஹவுஸ் ஓனருக்கு 5,000 ரூபாயை டோக்கன் அட்வான்ஸாகப் போனில் அனுப்பிவிடுகிறார். புதன்கிழமை அவருக்குப் பெங்களூருக்கு மாற்றல் வருகிறது. வீடு வேண்டாம் என்கிறார். தரகர் விடவில்லை: "நான் என் வேலையை முடிச்சிட்டேன் சார். ஒரு மாச வாடகை எனக்கு வரணும்."

உதாரணத்துக்காக நான் கட்டிய கதைதான். ஆனால் சென்னையில் நாலு வீடு மாறியவர்கள் எவருக்கும் இது புதிதாக இருக்காது. இதையே வேறு மாதிரியும் வைத்துப் பார்க்கலாம். அந்தக் குடும்பம் அன்றைக்கு "யோசித்துச் சொல்கிறோம்" என்று போய்விடுகிறது. இரண்டு மாதம் கழித்து வாசலில் தொங்கும் டூ-லெட் போர்டைப் பார்த்து நேரே ஓனரிடம் பேசிக் குடிவந்துவிடுகிறது. தரகருக்குச் சேதி எட்டுகிறது. இப்போது அவருக்குக் கமிஷன் உண்டா? அல்லது மூன்று தரகர்கள் ஒரே வீட்டை ஒரே குடும்பத்துக்குக் காட்டியிருக்கிறார்கள்; யாருக்குக் கொடுப்பது?

எல்லாத் தகராறுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி. தரகர் எதற்குக் காசு வாங்குகிறார்? அலைச்சலுக்கா, ஆளைக் கொண்டுவந்து நிறுத்தியதற்கா, காரியம் முடிந்ததற்கா? காரியம் முடிந்ததற்குத்தான் என்று வைத்துக்கொண்டால், வாடகை விஷயத்தில் "முடிந்தது" என்று எந்த நாளைச் சொல்வது?

விற்பனையில் இந்தச் சிக்கல் குறைவு. சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயப் பத்திரம் பதிவாகும் நாள் ஒன்று இருக்கிறது. அன்றைக்குத் தரகருக்கு உறை கைமாறும். வாடகைக்கு அப்படி ஒரே நாள் கிடையாது. பேசி முடிக்கும் நாள், டோக்கன் கொடுக்கும் நாள், அக்ரிமென்ட் எழுதும் நாள், அட்வான்ஸ் முழுதும் கைமாறும் நாள், சாவி வாங்கும் நாள், முதல் வாடகை கொடுக்கும் நாள், பதினோரு மாதம் கழித்துப் புதுப்பிக்கும் நாள் என்று அது சங்கிலியாக நீளும். தரகர் தமக்குச் சாதகமான கண்ணியைப் பிடித்துக்கொள்கிறார். பணம் கொடுக்க வேண்டியவர் முடிந்தவரை பிந்திய கண்ணியைப் பிடித்துக்கொள்கிறார்.

இந்தியச் சட்டத்தில் இதற்குப் பழைய விடை ஒன்று உண்டு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 219ஆம் பிரிவு. தனியாக ஒப்பந்தம் ஏதும் இல்லாவிட்டால், ஒரு செயலைச் செய்வதற்கான கூலி அந்தச் செயல் முடியும்வரை முகவருக்குச் சேர வேண்டியதாகாது என்கிறது அது. சுருக்கமான வாசகம். ஆனால் முழு வழக்கும் "அந்தச் செயல்" என்ற இரண்டு சொற்களுக்குள் ஒளிந்திருக்கிறது. தரகரிடம் ஒப்படைத்த செயல் என்ன? "ஆள் பார்த்துக் கொடு" என்றீர்களா, "வீட்டை வாடகைக்கு விட்டுக் கொடு" என்றீர்களா? முதலாவது என்றால் ஆளைக் கொண்டுவந்த அன்றே செயல் முடிந்தது. இரண்டாவது என்றால் வாடகை உறவு உண்டாகும்வரை முடியவில்லை.

பேச்சின் வாசகம் எவ்வளவு தூரம் முடிவைத் தீர்மானிக்கும் என்பதற்கு இந்திய உச்ச நீதிமன்றம் தன் முதல் ஆண்டிலேயே, 1950இல், ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது: அப்துல்லா அகமது எதிர் அனிமேந்திர கிஸ்ஸன் மித்தர். கல்கத்தாவில் ஒரு வீடு. உரிமையாளர் தரகருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். 1,00,000 ரூபாய்க்கு வாங்குபவரைப் பிடித்துத் தந்தால் 1,000 ரூபாய். அதற்கு மேல் 1,05,000 வரை எவ்வளவு கூடக் கிடைத்தாலும் அந்த உபரி தரகருக்கே. தரகர் 1,10,000 கொடுக்கத் தயாராக இருந்தவர்களைக் கொண்டுவந்தார். உரிமையாளர் அதன் பிறகு தரகருக்குக் கொடுத்த அதிகாரத்தைத் திரும்பப் பெற்றார். வீடு கடைசியில் போய்ச் சேர்ந்தது அதே ஆட்கள் நிறுத்திய ஒருவரிடம். நீதிமன்றம் தரகர் பக்கம் நின்றது. வீட்டுத் தரகருக்கு உரிமையாளர் சார்பாகக் கையெழுத்துப் போடும் அதிகாரம் சாதாரணமாகக் கிடையாது என்பதையும் அது சொன்னது. கையெழுத்துப் போட முடியாதவரிடம் எதை எதிர்பார்க்க முடியும்? ஆளைப் பிடித்துத் தருவதை. கடிதம் கேட்டதும் அதைத்தான். அவர் செய்ததும் அதைத்தான்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது இங்கிலாந்தின் பிரபுக்கள் சபைத் தீர்ப்பு ஒன்று. 1941ஆம் ஆண்டுத் தொகுதியில் இடம்பெற்ற லக்ஸர் எதிர் கூப்பர் வழக்கு. சில சினிமாக் கொட்டகைகளை விற்றுத் தந்தால், விற்பனை முடிந்ததும் 10,000 பவுண்டு கமிஷன் என்று பேச்சு. தரகர் ஆளைக் கொண்டுவந்தார், உரிமையாளர்கள் பின்வாங்கினார்கள். கீழே வென்ற தரகர் மேலே தோற்றார். "விற்பனை முடிந்ததும்" என்று பேசியிருக்கும்போது, உரிமையாளர் காரணமில்லாமல் பின்வாங்கக்கூடாது என்றொரு நிபந்தனையை நீதிமன்றம் தானாகச் சேர்க்காது என்றார்கள். நீதிபதிகளில் ஒருவர் கணக்கும் போட்டுக் காட்டினார். அந்தத் தொகை நாட்டின் லார்டு சான்சலருக்கு ஓராண்டில் கிடைக்கும் சம்பளம்; தரகர் உழைத்தது எட்டு ஒன்பது நாள். அவ்வளவு பெரிய பரிசுக்கு, கிடைக்காமல் போகும் ஆபத்தும் சேர்ந்தேதான் வரும் என்பது அவர் வாதம். ஈவிரக்கமற்ற வாதம்தான். ஆனால் கமிஷன் என்ற ஏற்பாட்டின் இயல்பை அதைவிட நேராகச் சொன்னவர்கள் குறைவு. கமிஷன் என்பது நாள்கூலி கிடையாது. பத்து வீட்டில் ஒன்பது கைகூடாமல் போகும் என்பதால்தான் பத்தாவதற்கு ஒரு மாத வாடகை கேட்கிறார்கள். ஒன்பதுக்கும் கூலி கேட்டால் பத்தாவதுக்கு அவ்வளவு கேட்க முகாந்திரம் இல்லை.

அமெரிக்கா இந்த இரண்டுக்கும் நடுவே பிளந்து கிடக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் பொதுவிதி தரகருக்குச் சாதகமானது. உரிமையாளர் சொன்ன நிபந்தனைக்கு உடன்பட்டு, விருப்பமும் வசதியும் உள்ள ஆளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் கமிஷன் சொந்தமாகிவிட்டது. பிறகு உரிமையாளர் மனம் மாறினால் அது அவர் பாடு. வேறு நிபந்தனை வேண்டுமானால் இரு தரப்பும் பேசி எழுதிக்கொள்ளலாம். பக்கத்து மாநிலமான நியூஜெர்சி 1967இல் எல்ஸ்வொர்த் டாப்ஸ் வழக்கில் இதைத் திருப்பிப் போட்டது. சாதாரண மனிதர் தரகரை அமர்த்தும்போது, விற்ற பணத்திலிருந்து கமிஷன் கொடுக்கலாம் என்றுதான் நினைக்கிறார். வாங்க வந்தவரின் தவறால் காரியம் முறிந்தால் விற்பவர் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டது. ஹட்சன் ஆற்றின் இந்தக் கரையில் ஒரு விடை, அந்தக் கரையில் இன்னொன்று.

இவையெல்லாம் விற்பனை வழக்குகள். வாடகைக்கு வரும்போது இன்னொரு சட்டத்தையும் கையில் எடுக்க வேண்டியிருக்கிறது. தரகு பற்றிய பேச்சில் அதை யாரும் எடுத்து நான் பார்த்ததில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 107ஆம் பிரிவு. வாடகை உறவு எப்படிப் பிறக்கிறது என்பதை அது சொல்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்த பத்திரம் வேண்டும். அதற்குக் குறைந்தது என்றால் வாய்ப்பேச்சு போதும். ஆனால் பேச்சோடு சுவாதீனமும் கைமாற வேண்டும். அதாவது சாவி. நம் ஊரில் பதினோரு மாத அக்ரிமென்ட் என்ற விசித்திரம் நிலைத்ததற்குக் காரணமும் இதனோடு ஒட்டியதுதான். ஓராண்டைத் தாண்டினால் பதிவு, பதிவென்றால் முத்திரைத்தாள், செலவு. எனவே எல்லாரும் பன்னிரண்டாம் மாதத்தின் வாசலில் நின்றுகொண்டார்கள்.

தமிழ்நாட்டில் இந்தப் படம் 2019 பிப்ரவரி 22 முதல் மாறிவிட்டது. நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. பதினோரு மாதமோ பதினோரு ஆண்டோ, எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். அது வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாகவும் வேண்டும். எத்தனை வீட்டில் இது நடக்கிறது என்பது வேறு கதை.

இந்த இரண்டு சட்டத்தையும் 219ஆம் பிரிவோடு சேர்த்து வாசித்தால் எனக்குக் கிடைக்கும் விடை இது. "வீடு பார்த்துக் கொடுங்க" என்று தரகரிடம் சொல்பவர், குடியேறக்கூடிய ஒரு வீட்டைத்தான் கேட்கிறார். சட்டப்படி வாடகை உறவு பிறக்காதவரை அந்தச் செயல் முடிந்ததாகாது. அக்ரிமென்டில் கையெழுத்து விழுந்து சாவி கைக்கு வரும்போதுதான் அது பிறக்கிறது. டோக்கன் என்பது இடத்தைப் பிடித்து வைக்கும் துண்டு. பஸ் இருக்கையில் போட்ட கைக்குட்டை மாதிரி. வேளச்சேரிக் குடும்பம் புதன்கிழமை பின்வாங்கியபோது டோக்கனை இழக்கலாம். அது அவர்களுக்கும் ஓனருக்கும் உள்ள வழக்கு. தரகருக்கு ஒரு மாத வாடகை சேர்ந்துவிட்டது என்று சொல்ல, முன்கூட்டியே வேறு விதமாகப் பேசியிருந்தால் ஒழிய, ஆதாரம் இல்லை. ஆனால் வீட்டு ஓனர் "ஒரு நல்ல ஆளைக் கொண்டுவந்து நிறுத்துங்க, அப்பவே உங்க காசு" என்று சொல்லியிருந்தால் கல்கத்தா வழக்கு தரகர் பக்கம் பேசும். அப்போதும் அது ஓனரின் கடன். குடிவரவிருந்தவரின் கடன் அல்ல.

டூ-லெட் போர்டைப் பார்த்துப் பிறகு வந்த குடும்பம்? இங்கே கேள்வி நாளைப் பற்றியதல்ல, காரணத்தைப் பற்றியது. காரியம் கைகூட மெய்யான காரணமாக இருந்தவருக்கே கமிஷன் என்பது ஆங்கிலேய மரபு. அறிமுகப்படுத்திய ஒன்று மட்டும் போதாது. அறிமுகத்துக்கும் முடிவுக்கும் இடையே நூல் அறாமல் இருக்க வேண்டும். தரகரோடு போய்ப் பார்த்த அதே வீட்டை, அதே வாடகைக்கு, அவரைத் தாண்டிப் போய் எடுப்பவர் நூலைத் தாமே அறுத்துவிட்டு "நூல் எங்கே" என்று கேட்பவர். இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்த வேலையின் பலனை இன்னொருவர் அனுபவித்தால் ஈடு கொடுக்க வேண்டும் என்னும் ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவையும் தரகர் துணைக்கு அழைக்கலாம். மாறாக, ஆறு மாதம் கழித்து, ஓனர் வாடகையைக் குறைத்து, வேறு பேச்சு புதிதாகத் தொடங்கி முடிந்திருந்தால் நூல் அறுந்துவிட்டது. அமெரிக்கத் தரகர்கள் இதைப் பேச்சுக்கு விடுவதில்லை. உடன்படிக்கை முடிந்த பிறகும் குறிப்பிட்ட நாள்வரை, பட்டியலில் பெயருள்ள எவர் வாடகைக்கு எடுத்தாலும் கமிஷன் உண்டு என்று எழுதி வாங்கிவிடுகிறார்கள். நம் தரகர்கள் தங்களுக்குள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: வீடு கைவசம் உள்ளவரும் பார்ட்டியைக் கொண்டுவந்தவரும் பாதிப் பாதி.

வாடகைக்கே உரிய ஒரு வழக்கு இங்கிலாந்தில் 1903இல் வந்தது: மில்லர் எதிர் ராட்ஃபோர்ட். சொத்தை வாங்க ஆள் பார்க்க வேண்டும், கிடைக்காவிட்டால் குத்தகைக்கு ஆள் பார்க்க வேண்டும் என்று அமர்த்தப்பட்ட தரகர்கள் ஒரு குத்தகைதாரரைப் பிடித்துத் தந்து கமிஷனும் வாங்கிவிட்டார்கள். ஓராண்டுக்கு மேல் கழித்து அதே குத்தகைதாரர் சொத்தை விலைக்கே வாங்கினார். தரகர்கள் திரும்ப வந்து நின்றார்கள்: நாங்கள் இல்லாவிட்டால் இந்த ஆள் இங்கே வந்திருப்பாரா? வந்திருக்க மாட்டார்தான், ஆனால் அது போதாது என்றது நீதிமன்றம். ஒன்று இல்லாமல் மற்றொன்று நடந்திராது என்பது வேறு, அதுவே மற்றொன்றை நடத்திவைத்தது என்பது வேறு. கல்யாணத் தரகர் ஜோடி சேர்த்துவைத்தார் என்பதற்காகக் குழந்தை பிறந்ததும் வந்து நிற்க முடியாது.

தமிழ்நாட்டில் "லீஸ்" என்ற சொல்லுக்கே தனிப் பொருள் உண்டு என்பதால் இங்கே ஒரு சிறு விலகல். "வாடகைக்கா, லீஸுக்கா?" என்று தரகர் கேட்டால், லீஸ் என்பது மாத வாடகை இல்லாமல் ஒரு பெருந்தொகையைக் கொடுத்துக் குடியிருந்து, காலி பண்ணும்போது தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு, போக்கியத்தின் நகரத்துப் பெயர். இதில் ஒரு மாத வாடகை என்ற அளவுகோல் செல்லாது. தொகையில் நூற்றுக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். ஆபத்தும் இங்கே பெரிது, ஏனென்றால் ஓனர் தொகையைத் திருப்பித் தருவாரா என்பதில்தான் முழுப் பாரமும் இருக்கிறது. வீட்டின் மேல் வங்கிக் கடன் இருப்பது தெரிந்தும் சொல்லாமல் ஆளைக் குடியேற்றிய தரகருக்கு ஒப்பந்தச் சட்டத்தின் 220ஆம் பிரிவு காத்திருக்கிறது. ஒப்படைத்த வேலையில் முறைகேடாக நடந்த முகவருக்கு, அந்த முறைகேட்டோடு ஒட்டிய பகுதிக்குக் கூலி கிடையாது. அச்சட்டத்தில் இதற்கு ஓர் அழகான உதாரணம் இருக்கிறது. ஒருவர் ஒரு லட்சம் ரூபாயை வசூலித்து நல்ல ஈட்டில் போட வேண்டும். 90,000ஐச் சரியாகப் போட்டார், 10,000ஐ மோசமானது என்று தெரிந்திருக்க வேண்டிய இடத்தில் போட்டு 2,000 நஷ்டமானது. வசூலுக்கும் 90,000க்கும் கூலி உண்டு, 10,000க்கு இல்லை, 2,000ஐ அவர் கையிலிருந்து கட்ட வேண்டும். இந்தத் தராசு வீட்டுத் தரகருக்கும் பொருந்தும். குடிவந்தவர் இரண்டே மாதத்தில் தன் விருப்பத்தால் காலி பண்ணினால் கமிஷனைத் திரும்பக் கேட்க முடியாது. தரகர் தெரிந்தே மறைத்த ஒன்றால் காலி பண்ண நேர்ந்தால் கேட்கலாம்.

பழைய மகாபலிபுரம் சாலையில் மாடி மாடியாக அலுவலக இடம் எடுக்கும் நிறுவனங்களின் உலகம் வேறு. அங்கே விருப்பக் கடிதம், உள்வேலைக்கான வாடகையில்லாக் காலம், இடையில் விலக முடியாத ஆண்டுகள் என்று சங்கிலி இன்னும் நீளம். ஆனால் சச்சரவு குறைவு, ஏனென்றால் பிரித்து எழுதிவிடுகிறார்கள்: கமிஷனில் பாதி குத்தகைப் பத்திரம் கையெழுத்தாகும்போது, மீதி வாடகை ஓடத் தொடங்கும்போது. எனக்குத் தெரிந்த ஏற்பாடுகளில் மிக நேர்மையானது இது. ஆபத்தை இரு பக்கமும் பகிர்ந்துகொள்கிறார்கள். வேளச்சேரி வீட்டுக்கு ஏன் இது வரவில்லை என்றால், சாவி கொடுத்த பிறகு யாரும் தரகரின் போனை எடுப்பதில்லை என்பதுதான்.

வீட்டு வாடகைத் தரகை முழுதாகச் சட்டத்துக்குள் கொண்டுவந்த நாடு என்று ஜெர்மனியைச் சொல்ல வேண்டும். அவர்களுடைய வீட்டுத் தரகுச் சட்டம் 1971இல் வந்தது. வாடகை ஒப்பந்தம் உண்டானால்தான் தரகு. முன்பணம் வாங்கக் கூடாது. வீட்டுக்குச் சொந்தக்காரராகவோ நிர்வாகியாகவோ இருப்பவர் தரகு கேட்க முடியாது. குடியிருப்பவரிடமிருந்து வாங்கினால் இரண்டு மாத வாடகைக்கு மேல் கூடாது, அதிலும் பராமரிப்புச் செலவு சேராது. 2015 ஜூன் 1 முதல் இன்னொன்றும் சேர்ந்தது: யார் தரகரை அமர்த்தினாரோ அவரே கொடுக்க வேண்டும். தரகர்கள் அரசமைப்பு நீதிமன்றம்வரை போனார்கள், 2016இல் தோற்றார்கள். இங்கிலாந்து 2019இல் குடியிருப்பவரிடம் பெரும்பாலான கட்டணங்கள் வாங்குவதையே தடை செய்தது. நியூயார்க் நகரில் ஓராண்டு வாடகையில் 12 முதல் 15 சதவீதம் வரை, ஓனர் அமர்த்திய தரகருக்குக் குடிவருபவர் கொடுப்பது பல காலமாக வழக்கம். 2024 நவம்பரில் நகர மன்றம் 42க்கு 8 என்ற வாக்கில் அதை முறித்தது. 2025 ஜூன் 11 முதல் அமர்த்தியவரே கொடுக்கிறார்.

யார் கொடுப்பது என்பதற்கும் எப்போது சொந்தமாகிறது என்பதற்கும் தொடர்பு இல்லை என்று தோன்றலாம். உண்டு. யாருடைய செயலைத் தரகர் முடித்தார் என்று தெரிந்தால்தான் அது முடிந்ததா என்று சொல்ல முடியும். சென்னையில் இரு பக்கமும் ஒவ்வொரு மாத வாடகை வாங்கும் தரகர் இரண்டு பேரின் செயலையும் முடித்ததாகச் சொல்கிறார். ஒருவருக்கு வாடகை கூட வேண்டும், மற்றவருக்குக் குறைய வேண்டும். சிங்கப்பூரில் ஒரே தரகர் ஒரே பரிவர்த்தனையில் இரு தரப்புக்கும் நிற்பதே சட்டப்படி குற்றம். நம் ஊரில் அது வெளிப்படையாக நடக்கிறது. வெளிப்படை என்பதே அதற்கு இருக்கும் ஒரே சமாதானம்.

இந்திய ரியல் எஸ்டேட் சட்டம் இங்கே உதவும் என்று நினைப்பவர்கள் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் முகவர் என்பதன் வரையறையைப் படிக்க வேண்டும். திட்டங்களில் உள்ள மனை, அடுக்ககம், கட்டடம் ஆகியவற்றை "விற்பனை மூலம்" மாற்றிக்கொடுப்பதில் இடைநிற்பவரே அதன் முகவர். வாடகைத் தரகர் அந்தப் பதிவேட்டுக்கு வெளியே நிற்கிறார். அதனால்தான் வீட்டைத் திறந்து காட்டவே 500 ரூபாய் கேட்பவர்கள் முளைக்கிறார்கள். செயல் முடிவதில் அக்கறையே இல்லாத தொழில் அது. பூட்டிய வீட்டைப் பத்துப் பேருக்குக் காட்டினால் வீடு போகாமலே 5,000.

கடைசியாகப் புதுப்பித்தல். லண்டனில் ஃபாக்ஸ்டன்ஸ் என்ற பெரிய தரகு நிறுவனம், குடிவந்தவர் தொடர்ந்து இருக்கும் ஒவ்வொரு முறையும், தான் எதுவும் செய்யாவிட்டாலும், ஓனரிடம் கமிஷன் வாங்கும் ஷரத்தை வைத்திருந்தது. ஓனர் வீட்டை வேறொருவருக்கு விற்றுவிட்ட பிறகும் அவரே கொடுக்க வேண்டும் என்றும் இருந்தது. 2009இல் உயர் நீதிமன்றம் அந்த ஷரத்துகளை நியாயமற்றவை என்றது. ஜெர்மனிச் சட்டமோ இதை ஒரே வரியில் முடித்துவிடுகிறது: அதே வீட்டில் இருக்கும் வாடகை உறவைத் தொடர்வதற்கும் நீட்டிப்பதற்கும் புதுப்பிப்பதற்கும் தரகு கிடையாது.

நம் ஊரில் பன்னிரண்டாம் மாதத் தொடக்கத்தில் தரகரிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் வரும். "சார், அக்ரிமென்ட் ரினியூவல். ஓனர் அஞ்சு பர்சன்ட் ஏத்த சொல்றார். நமக்கு அரை மாசம்." மின்னணுச் செய்தியில் உருவாகும் ஒப்பந்தமும் செல்லும் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது. "ஓகே" என்று தட்டுவதற்கு முன், அந்த அரை மாதம் எந்தச் செயலுக்கு என்று பதிலுக்கு ஒரு வரி கேட்டுப் பார்க்கலாம்.